மெயின் ஸ்விட்ச் யாருக்காக? பந்தயக் காரில் ஒரு சின்னச் சாவியின் வரலாறு

பந்தயக் கார்களின் படங்களைக் கொஞ்சம் உன்னிப்பாகப் பார்த்தால், முன் கண்ணாடிக்குக் கீழே ஓரத்தில் ஒரு சின்ன நீல முக்கோணம் தெரியும். வெள்ளை விளிம்பு, நடுவில் சிவப்பு மின்னல். பக்கத்திலேயே ஒரு வளையமோ, சிவப்புச் சாவியோ இருக்கும். நம்ம ஊர்ப் பக்கம் கூட சில பசங்க இந்த ஸ்டிக்கரை அழகுக்காக காரில் ஒட்டிக்கொண்டு கம்பம் ரோட்டில் போவதைப் பார்த்திருக்கிறேன். கீழே ஸ்விட்ச் எதுவும் கிடையாது, ஸ்டிக்கர் மட்டும்தான்.

அந்த முக்கோணத்துக்கு அர்த்தம் ரொம்ப எளிமையானது: "இதை இழுத்தால் வண்டியில் கரண்ட் போய்விடும்." பேட்டரி கட்-ஆஃப் ஸ்விட்ச் இருக்கும் இடத்துக்கான உலகப் பொது அடையாளம் அது. ஒரு ஸ்விட்ச்தானே, எங்கே வைத்தால் என்ன என்று தோன்றலாம். எனக்கும் இந்த விஷயத்தில் இழுப்பு வந்தது அந்தக் கேள்வியால்தான். தேடப்போனால் இந்த "எங்கே" என்ற கேள்விக்குப் பின்னால் அறுபது வருஷ வரலாறு இருக்கிறது. அதில் மரணங்களும் உண்டு, மயிரிழையில் தப்பியவர்களும் உண்டு. நம் சோழவரமும் கோயம்புத்தூரும் கூட அந்த வரிசையில் வருகின்றன.

ஸ்பா, 1966

1966 ஜூன் 12. பெல்ஜியத்தில் ஸ்பா சர்க்யூட். முதல் சுற்றிலேயே பேய்மழை. ஜாக்கி ஸ்டூவர்ட் ஓட்டிய பி.ஆர்.எம். கார் ஏறக்குறைய 265 கிலோமீட்டர் வேகத்தில் தடம் மாறி, ஒரு தந்திக் கம்பத்தில் அடித்து, ஒரு பண்ணைக் கட்டடத்துக்கு அருகே போய் நொறுங்கி நின்றது. ஸ்டீயரிங் வளைந்து அவர் காலை அமுக்கிக்கொண்டது. பெட்ரோல் டாங்க் கிழிந்து, எரிபொருள் முழுவதும் அவர் உட்கார்ந்திருந்த குழிக்குள் கொட்டியது.

அவர் ஏறக்குறைய 25 நிமிடம் அப்படியே கிடந்தார். பெட்ரோலில் ஊறிப்போய். காப்பாற்ற வந்தது மார்ஷல்கள் அல்ல. அதே இடத்துக்கு அருகில் தாங்களும் தடம் மாறி நின்ற கிரஹாம் ஹில், பாப் பாண்டுரன்ட் என்ற இரண்டு சக ஓட்டுநர்கள். அவர்களிடம் ஸ்டீயரிங்கைக் கழற்ற ஒரு ஸ்பேனர் கூட இல்லை. வேடிக்கை பார்க்க வந்த ஒருவரின் காரிலிருந்து இரவல் வாங்கித்தான் கழற்றினார்கள்.

இந்த 25 நிமிடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ள ஒரு மில்லிஜூலில் கால் பங்கு ஆற்றல் போதும். கைக்குச் சட்டென்று உறைக்கும் ஒரு நிலைமின் ஷாக்கே அதைவிடப் பெரியது. நொறுங்கிய காரில் பேட்டரி உயிரோடு இருக்கிறது. தோல் உரிந்த ஒயர் ஒன்று சேசிஸில் உரசினால் போதும். அன்றைக்கு அப்படி நடக்கவில்லை, அவ்வளவுதான்.

ஸ்டூவர்ட் அதற்குப் பிறகு தன் காரில் ஒரு ஸ்பேனரை டேப் போட்டு ஒட்டி வைத்துக்கொண்டார் என்பது பந்தய உலகில் பிரபலமான கதை. ஆனால் அதைவிட முக்கியமான இரண்டு மாற்றங்கள் அந்த விபத்திலிருந்து முளைத்தன. ஒன்று, சட்டென்று கழற்றக்கூடிய ஸ்டீயரிங். இன்னொன்று, வண்டியின் மொத்த மின்சாரத்தையும் ஒரே இழுப்பில் துண்டிக்கும் மெயின் ஸ்விட்ச். இன்றைக்கு எந்தப் பந்தயக் காரிலும் இவை இரண்டும் சாதாரண விஷயங்கள்.

முதலில் வந்து சேர்வது யார்?

அடுத்த பத்து வருஷத்தின் விபத்துகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது.

1967 மே மாதம் மொனாக்கோவில் லொரென்ஸோ பண்டீனியின் ஃபெராரி கவிழ்ந்து தீப்பிடித்தது. ஓரத்தில் அடுக்கியிருந்த வைக்கோல் கட்டுகளும் சேர்ந்து எரிந்தன. மூன்று நாள் கழித்து அவர் இறந்தார். 1971 அக்டோபர் 24-ல் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்சில் ஜோ சிஃபெர்ட் எரியும் காருக்குள் மாட்டிக்கொண்டார். காயத்தால் அல்ல, புகையால் இறந்தார். தடத்தோரம் இருந்த தீயணைப்பான்கள் சரியாக வேலை செய்யவில்லை. 1973 ஜூலை 29-ல் நெதர்லாந்தின் ஸாண்ட்வோர்ட்டில் ரோஜர் வில்லியம்சனின் கார் கவிழ்ந்து எரிந்தபோது, டேவிட் பர்லி என்ற ஓட்டுநர் தன் பந்தயத்தை விட்டுவிட்டு ஓடிவந்து தனியாளாகக் காரைப் புரட்டப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மார்ஷல்களிடம் தீ தாங்கும் உடை கிடையாது. கிட்டே போக முடியவில்லை. 1976 ஆகஸ்ட் 1-ல் நூர்பர்க்ரிங்கில் நிக்கி லாடாவைத் தீயிலிருந்து இழுத்தவர்களும் சக ஓட்டுநர்கள்தான்: மெர்ஸாரியோ, எட்வர்ட்ஸ், லங்கர், எர்ட்ல்.

இந்தத் தீக்களை எல்லாம் ஒரு ஸ்விட்ச் தடுத்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. டாங்க் கிழிந்து சூடான எக்ஸாஸ்ட்டில் பெட்ரோல் கொட்டினால் பேட்டரியை அணைத்து என்ன பிரயோஜனம்? நான் கவனித்தது வேறு. விபத்து நடந்த இடத்துக்கு முதலில் வந்து சேர்கிற ஆள் யார் என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. பயிற்சி பெற்ற மார்ஷலாக இருக்கலாம், இன்னொரு ஓட்டுநராக இருக்கலாம், வேலி தாண்டி வந்த பார்வையாளராகவும் இருக்கலாம். அவருக்கு அந்தக் காரைப் பற்றி எதுவுமே தெரியாது. உள்ளே இருப்பவர் மயக்கத்தில் இருப்பார். புகை கண்ணை மறைக்கும். அவர் கைக்கு அந்த ஸ்விட்ச் இரண்டு நொடியில் சிக்க வேண்டும்.

அப்படியென்றால் இந்த ஸ்விட்ச் ஓட்டுநருக்காக மட்டும் வைப்பதல்ல. பெயர் தெரியாத அந்த முதல் ஆளுக்காகவும்தான். இதைப் புரிந்துகொண்டால் "எங்கே வைப்பது" என்ற கேள்விக்குப் பாதி பதில் வந்துவிடும்.

நம் மோட்டார் ரூமும் ஆல்டர்நேட்டரும்

இடத்துக்குப் போவதற்கு முன் ஸ்விட்ச் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். இதிலும் ஒரு சுவாரசியம் இருக்கிறது.

ராயப்பன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிற யாருக்கும் மோட்டார் ரூம் தெரியும். சுவரில் ஸ்டார்ட்டர் பெட்டி, அதற்கு மேலே மெயின், ஃபியூஸ் கேரியர்கள். ஸ்டார்ட்டரில் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் மோட்டார் நிற்கும். ஆனால் ஒயரில் கரண்ட் இருக்கும். மெயினை இறக்கினால்தான் கை வைக்கலாம். காரில் சாவியைத் திருப்பி அணைப்பது ஸ்டார்ட்டர் பொத்தான் மாதிரி. கட்-ஆஃப் என்பது மெயின் மாதிரி.

ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம். தோட்டத்து மோட்டாருக்குக் கரண்ட் ஒரே திசையிலிருந்து, கம்பத்திலிருந்து மட்டும் வருகிறது. காரில் இரண்டு மூலங்கள்: பேட்டரி ஒன்று, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆல்டர்நேட்டர் இன்னொன்று. பேட்டரியை மட்டும் துண்டித்தால் பல கார்களில் இன்ஜின் நிற்காது. ஆல்டர்நேட்டர் தரும் கரண்ட்டில் இக்னிஷன் ஓடும், இக்னிஷன் ஓடுவதால் ஆல்டர்நேட்டர் சுற்றும். எரிபொருள் பம்பும் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். உடைந்த குழாய் வழியாக. வெளியே நிற்கிற ஆள் வளையத்தை இழுத்துவிட்டு "அணைந்துவிட்டது" என்று நம்பிப் பக்கத்தில் போவார்.

அதனால்தான் சர்வதேச மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதி இரண்டு விஷயங்களைச் சேர்த்தே கேட்கிறது: எல்லா மின்சுற்றுகளும் துண்டிக்கப்பட வேண்டும், கூடவே இன்ஜினும் நிற்க வேண்டும். ஸ்விட்ச் தீப்பொறி எழுப்பாத வகையாகவும் இருக்க வேண்டும். கடைசி நிபந்தனை வேடிக்கையாகத் தோன்றலாம். தீப்பொறியைத் தடுக்க வைத்த ஸ்விட்சே தீப்பொறி அடித்தால் என்ன ஆவது?

பந்தயத்துக்கென்று விற்கும் ஸ்விட்சின் பின்பக்கத்தில் அதனால் ஆறு முனைகள் இருக்கும். இரண்டு தடித்த போல்ட்டுகள் பேட்டரிக்கு. மற்ற நான்கில் ஒரு ஜோடி இக்னிஷனை அறுக்கும். இன்னொரு ஜோடி, ஸ்விட்ச் அணையும் அதே கணத்தில் ஆல்டர்நேட்டரின் வெளியீட்டை ஒரு ரெசிஸ்டர் வழியாக எர்த்துக்குக் கொண்டுபோகும். வழக்கமாக 3 ஓம், 11 வாட். ஏன் என்றால், சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும் ஆல்டர்நேட்டரிலிருந்து பேட்டரியைத் திடீரென்று பிடுங்கினால் அதன் வோல்ட்டேஜ் 14-லிருந்து பல மடங்கு எகிறும். ஆல்டர்நேட்டருக்குள் இருக்கும் டயோடுகளும் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியும் பொசுங்கிவிடும். அந்த எகிறலை வாங்கிக்கொள்ள ஒரு வடிகால்தான் அந்த ரெசிஸ்டர். மென்பொருள் வேலையில் "சர்வரைப் பிடுங்குவதற்கு முன்னால் டிராஃபிக்கை வேறு பக்கம் திருப்பு" என்போம். அதே சங்கதி.

விதி சொல்லும் இடங்கள்

இனி இடம். எஃப்.ஐ.ஏ. விதிப்படி ஸ்விட்ச் உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் எட்ட வேண்டும். உள்ளே என்றால், பெல்ட் கட்டி உட்கார்ந்த நிலையில் ஓட்டுநரின் கை எட்டும் தூரம். பெல்ட்டைத் தளர்த்திக் குனிந்து எடுக்கிற இடம் செல்லாது.

மூடிய கார்களில் வெளிப்புறக் கைப்பிடி முன் கண்ணாடியின் அடிப்பகுதியில் இருக்க வேண்டும். முக்கோணத்தின் அடிப்பக்கம் குறைந்தது 12 செ.மீ. திறந்த ஒற்றை இருக்கைக் கார்களில், ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் நிற்கும் கவிழ்ப்புப் பாதுகாப்பு வளைவின் அடியில். ஃபார்முலா ஒன் விதியில் இன்னொரு நுணுக்கம் உண்டு. வெளிக் கைப்பிடியைத் தூரத்திலிருந்து ஒரு கொக்கியால் இழுக்க முடிய வேண்டும். எரிகிற காரின் பக்கத்தில் கையை நீட்டாமல், தோட்டத்தில் தொரட்டி போட்டு முருங்கைக்காய் பறிக்கிற மாதிரி, நீளக் கம்பால் இழுக்கலாம். ஸாண்ட்வோர்ட்டில் கிட்டே போக முடியாமல் நின்ற மார்ஷல்களை நினைத்துக்கொண்டு இந்த விதியைப் படித்தால் அதன் கனம் புரியும்.

ஏன் கண்ணாடியின் அடி? நான் புரிந்துகொண்டது இது. மோதலில் முதலில் நசுங்குவது மூக்கு, அதற்கடுத்தது வால். கதவு பிய்ந்து போகலாம், அல்லது திறந்துகொண்டு திசை மாறி நிற்கலாம். பானெட் மடங்கி மேலே எழும்பலாம். கண்ணாடியைத் தாங்கும் தூணின் அடி, உள்ளே வெல்டு செய்த குழாய்க் கூண்டுக்கு ஒட்டியே இருப்பதால், கார் உருத்தெரியாமல் போனாலும் பெரும்பாலும் மிஞ்சுகிற இடம். பெட்ரோல் டாங்க்கிலிருந்தும் தள்ளி இருக்கிறது. இன்னொன்று, ஓடிவருகிற ஆள் முதலில் பார்ப்பது ஓட்டுநரின் முகத்தை. கண் போகிற இடத்துக்கு ஒரு முழம் தள்ளியே ஸ்விட்ச்.

அமெரிக்காவின் டிராக் பந்தயங்களில் கதை வேறு. நேர்கோட்டில் கால் மைல் பாயும் பந்தயம் அது. பேட்டரியைப் பின்பக்கம் இடம் மாற்றிய கார்களில் ஸ்விட்ச் வண்டியின் பின்கோடியில் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள என்.எச்.ஆர்.ஏ. விதி. தள்ளு-இழு கம்பி வைத்தால், அணைப்பது தள்ளுவதாகத்தான் இருக்க வேண்டும். இது எனக்கு ரொம்பப் பிடித்த விதி. பதற்றத்தில் இருப்பவர் ஒரு கம்பியைப் பார்த்தால் உள்ளங்கையால் அடித்துவிடலாம். விரலை மடக்கிப் பிடித்து இழுப்பதற்கு நிதானம் வேண்டும். அந்தப் பந்தயத்தில் புறப்படும் கோட்டில் ஆட்கள் எல்லாம் காருக்குப் பின்னால் நிற்பார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது.

இரண்டு விதிகளும் ஒன்றுக்கொன்று முரண் மாதிரி தெரியும். ஆனால் இரண்டும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: காப்பாற்ற வருகிறவர் எந்தப் பக்கமிருந்து வருவார்?

சோழவரத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கு

நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். தமிழ்நாட்டில் கார் பந்தயம் என்றாலே பழைய ஆட்களுக்குச் சோழவரம்தான். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. ஓடுதளம் என்பதால் நீண்ட நேர்கோடு, தட்டையான தரை, வெயில். நாலா பக்கமும் ஜனக்கூட்டம். மன்னர் குடும்பத்தினரும் ஆலை முதலாளிகளும் இறக்குமதிக் கார்களோடு வருவார்கள். இன்னொரு பக்கம் ஃபியட்டையும் அம்பாசடரையும் தாங்களே குடைந்து வேகமாக்கிய மெக்கானிக்குகள்.

அந்த வகைக் காரில் கட்-ஆஃப் விஷயம் இன்றைக்கு இருப்பதைவிட எளிமை. கார்புரேட்டர் இன்ஜின், ஃபியட்டில் பெட்ரோல் பம்பையே இன்ஜின்தான் இயக்கும். இன்ஜின் நின்றால் பம்பும் நிற்கும். எரிபொருளை ஊசி மாதிரி பீய்ச்சும் இன்றைய இன்ஜின்களில் மின்சாரப் பம்ப் ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில், அதாவது நம் கார் டயரின் காற்றழுத்தத்தைவிட அதிகமாக, பெட்ரோலைத் தள்ளுகிறது. தொழில்நுட்பம் வளர வளர ஸ்விட்சின் பொறுப்பும் கூடியது என்பதுதான் வரலாறு.

1971-ல் இந்திய மோட்டார் விளையாட்டுக் கிளப்களின் கூட்டமைப்பு அமைந்தது. எஃப்.ஐ.ஏ.வின் விதிகள் நம் பந்தயங்களுக்கு முறையாக வந்து சேர அதுவே வாசல். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில், பந்தயத்துக்கென்றே கட்டிய தடம் திறந்தது. நீளம் 3.7 கிலோமீட்டர் சொச்சம். ஓடுதளத்தில் வைக்கோல் கட்டும் பீப்பாயும் வைத்து வளைவு காட்டுவதற்கும், மார்ஷல் நிற்கும் இடங்களைக் கணக்கிட்டு அமைத்த தடத்துக்கும் நிறைய வித்தியாசம். மார்ஷல் எங்கே நிற்பார் என்று தெரிந்தால்தான் ஸ்விட்ச் எந்தப் பக்கம் என்ற கேள்விக்கே அர்த்தம் வரும்.

இந்தக் காலகட்டத்தில் கோயம்புத்தூரின் எஸ். கரிவரதனைச் சொல்லாமல் போக முடியாது. ஆலைக் குடும்பத்தில் பிறந்த அவர், 1980களின் இறுதியில் மாருதி 800 இன்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து ஒற்றை இருக்கைக் கார்களை உள்ளூரிலேயே கட்டினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். இறக்குமதி செய்ய வசதியில்லாதவர்களும் உண்மையான பந்தயக் கார் ஓட்டலாம் என்று ஆனது. 1995-ல் ஒரு சிறு விமான விபத்தில் அவர் இறந்தார். 2003-ல் செட்டிபாளையத்தில் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் இதே கோயம்புத்தூர்.

பேட்டரி பின்னால், கை முன்னால்

என் அக்கா மகன் கோவையில் இன்ஜினியரிங் படிக்கிறான். அவன் குழு கார் கட்டும்போது எனக்கு ஃபோன் போட்டு, "மாமா, பேட்டரியை சீட்டுக்குப் பின்னாடி வச்சிட்டோம். ஸ்விட்சை முன்னாடி வைக்கவா, பின்னாடி வைக்கவா?" என்று கேட்டான். இது அவன் மட்டும் கேட்கிற கேள்வி இல்லை. எடைச் சமநிலைக்காகப் பேட்டரியைப் பின்னால் தள்ளுகிற எல்லோருக்கும் வருவது.

ஸ்விட்சை முன்னால் வைத்தால், பேட்டரியிலிருந்து தடித்த ஒயரை முன்னால் கொண்டுவந்து திரும்பப் பின்னால் கொண்டுபோக வேண்டும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 25 சதுர மி.மீ. தாமிர ஒயர், 5 மீட்டர். அதன் தடை ஏறக்குறைய 0.0034 ஓம். ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 0.7 வோல்ட் போய்விடும். அது கூடப் பரவாயில்லை. பெரிய பிரச்சினை வேறு: பேட்டரிக்கும் ஸ்விட்சுக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒயர், ஸ்விட்சை அணைத்த பிறகும் உயிரோடு இருக்கும். ஃபியூஸும் கிடையாது. பக்கவாட்டில் மோதி அந்த ஒயர் சேசிஸில் நசுங்கினால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயும். ஸ்விட்சை யார் இழுத்தாலும் நிற்காது.

எனவே பொறியியல் பதில்: ஸ்விட்ச் பேட்டரிக்கு எவ்வளவு கிட்டத்தில் முடியுமோ அவ்வளவு கிட்டத்தில். மீட்பவருக்கான பதில்: கைப்பிடி கண்ணாடியின் அடியில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி. இரண்டையும் சேர்க்க, சைக்கிள் பிரேக் மாதிரி உறைக்குள் ஓடும் இழுகம்பியைப் பயன்படுத்துகிறார்கள். ஸ்விட்ச் ஓரிடம், கை படும் இடம் இன்னோரிடம். விதியில் கவனித்தீர்களா? வெளிப்பக்கத்தைப் பற்றிச் சொல்லும்போது அது "இயக்கும் அமைப்பு" எங்கே இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. அந்தச் சொல்லுக்குள் இந்த வசதி ஒளிந்திருக்கிறது.

இழுகம்பிக்கும் குறை உண்டு. துரு பிடிக்கும். கூர்மையாக வளைத்தால் இறுகும். மோதலில் உறை நசுங்கினால் நகராது. அதனால் இப்போது மின்னணு ஸ்விட்சுகள் வந்திருக்கின்றன. பேட்டரியின் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. மெல்லிய ஒயரில் உள்ளே ஒரு பொத்தான், வெளியே ஒரு பொத்தான். எதை அமுக்கினாலும் போதும். தடித்த ஒயர் ஊர்சுற்ற வேண்டியதில்லை.

பாசிட்டிவை அறுப்பதா, எர்த்தை அறுப்பதா என்பது இன்னொரு பழைய சண்டை. எர்த்தை அறுத்தால் பேட்டரியின் பாசிட்டிவ் ஒயர் எங்கே நசுங்கினாலும் சுற்று முழுமையாகாது, நல்லதுதான். ஆனால் ஆல்டர்நேட்டருக்கு இன்ஜின் வழியாகத் தனி எர்த் இருப்பதால் வண்டி ஓடிக்கொண்டே இருக்கலாம். எதை அறுத்தாலும், இன்ஜினை ஓடவிட்டு ஸ்விட்சை அணைத்துப் பார்ப்பதுதான் சோதனை. நின்றால் சரி. நிற்கவில்லையென்றால் அது வெறும் அலங்காரம். அவனிடமும் அதைத்தான் சொன்னேன்.

கரண்ட்டே எரிபொருளானபோது

2008 ஜூலையில் ஸ்பெயினின் ஹெரெஸ் தடத்தில், பி.எம்.டபிள்யூ. குழு ஒரு புது ஃபார்முலா ஒன் காரைச் சோதித்துக்கொண்டிருந்தது. பிரேக் பிடிக்கும் ஆற்றலைச் சேமிக்கும் அமைப்பு அதில் இருந்தது. கார் வந்து நின்றதும் ஒரு மெக்கானிக் தொட்டார். ஷாக் அடித்துத் தூக்கி எறியப்பட்டார். அதுவரை பந்தயக் காரில் பயம் என்றால் பெட்ரோல். மின்சாரம் அதைப் பற்றவைக்கும் துணைவில்லன். அன்றையிலிருந்து மின்சாரமே நேரடி வில்லன். இன்றைய ஃபார்முலா ஒன் காரில், தொடலாமா கூடாதா என்று சொல்ல ஒரு விளக்கு இருக்கிறது. பச்சை எரிந்தால்தான் மார்ஷல் கை வைப்பார்.

கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயில் கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களோடு வரும் ஃபார்முலா பாரத் போட்டியில் மின்சாரக் கார்களும் ஓடுகின்றன. இந்த மாணவர் போட்டிகளின் விதிமரபில், மின்சாரக் காருக்கு இரண்டு தனி மெயின்கள்: ஒன்று உயர் வோல்ட்டேஜுக்கு, ஒன்று சாதாரண 12 வோல்ட் வகைக்கு. இரண்டும் காரின் வலப்பக்கம், ஓட்டுநரின் தோள் உயரத்தில். சிவப்புக் கைப்பிடி, கழற்றக்கூடியது. இது தவிர மூன்று அவசரப் பொத்தான்கள்: ஓட்டுநருக்குப் பின்னால் இடமும் வலமும் தலை உயரத்தில் ஒவ்வொன்று, உள்ளே ஒன்று. கார் பக்கவாட்டில் சாய்ந்து ஒரு பக்கம் தரையோடு ஒட்டிக்கிடந்தாலும் இன்னொரு பக்கம் மிஞ்சும்.

மின்சாரக் காரில் மெயினை இறக்கினாலும் பேட்டரி பெட்டிக்குள் அதே வோல்ட்டேஜ் இருந்துகொண்டேதான் இருக்கும். ஸ்விட்ச் அதை ஒரு பெட்டிக்குள் பூட்டுகிறது, அவ்வளவுதான். ஆபத்தை ஒழிப்பதல்ல, ஓரிடத்தில் அடைப்பது.

2020 நவம்பர் 29, பஹ்ரைனில் ரொமேன் க்ரோஷானின் கார் இரண்டாகப் பிளந்து தீப்பந்தாக மாறியதும் 28 நொடியில் அவர் வெளியே வந்ததும் பலர் பார்த்த காட்சி. அவரை மீட்டதில் தலைக்கு மேலிருக்கும் வளையத்துக்கும் தீ தாங்கும் உடைக்கும் பின்தொடர்ந்து வந்த மருத்துவக் காருக்கும்தான் பெரும் பங்கு. ஸ்பாவின் 25 நிமிடத்திலிருந்து பஹ்ரைனின் 28 நொடிக்கு வர 54 வருஷம் ஆனது. எந்த ஒரு கண்டுபிடிப்பாலும் அல்ல. ஸ்பேனர் இரவல் வாங்கிய கதையை மறக்காதவர்கள் ஒவ்வொன்றாகச் சேர்த்ததால்.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் தெருப் பந்தயம் நடந்தது. நாம் அன்றாடம் பஸ்ஸில் போகிற ரோட்டில் அந்தக் கார்கள் பறந்தன. நின்றிருக்கும் காரின் படம் கிடைத்தால் பெரிதாக்கி அந்த முக்கோணத்தைத் தேடிப் பாருங்கள்.

நம் பள்ளத்தாக்கில்

கம்பம் பள்ளத்தாக்கில் பந்தயத் தடம் இல்லை. ஆனால் கட்-ஆஃப் ஸ்விட்ச் நமக்குப் புதிதல்ல. லாரியிலும் பஸ்ஸிலும் இருக்கிறது. ராத்திரி வண்டியை நிறுத்திவிட்டு டிரைவர் அதைத் திருகிவிட்டுப் போவார். பேட்டரி இறங்காமல் இருக்க, வண்டியை யாரும் கிளப்பிவிடாமல் இருக்க. அதனால் அது டிரைவருக்கு மட்டும் தெரிந்த இடத்தில், சில வண்டிகளில் வேண்டுமென்றே மறைவாக இருக்கும். அதே பொருள்தான், அதே வேலைதான். ஆனால் யாருக்காக என்பது மாறியதும் இடமும் தலைகீழாக மாறிவிட்டது.

குமுளி மலைப்பாதையில் ஏறி இறங்கும் பஸ்களையும், விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்களையும் பார்க்கும்போது எனக்கு இந்த எண்ணம் வரும். ஒரு வண்டி வளைவில் கவிழ்ந்தால் முதலில் ஓடிவருவது தீயணைப்பு வண்டி அல்ல. பின்னால் வந்த பைக்காரர், டீக்கடைக்காரர், பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்கிறவர். அவர்களுக்கு அந்த வண்டியின் மெயின் எங்கே என்று தெரிய வழியே இல்லை. ஒரு சிவப்பு அம்புக்குறியும் "பேட்டரி மெயின்" என்று தமிழில் இரண்டு வார்த்தையும் பெயின்ட் அடிக்க எவ்வளவு செலவாகும்?

கார் கட்டுகிற மாணவர்களுக்கும், சொந்தமாக பஸ், வேன் வைத்திருப்பவர்களுக்கும் நான் சொல்வது ஒரே சோதனை. அந்த வண்டியை முன்பின் பார்த்திராத ஒருவரைக் கூப்பிடுங்கள். வண்டியைப் பத்தடி தள்ளி நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, "அணைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நேரம் பாருங்கள். அவர் எங்கெல்லாம் தேடுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர் கை முதலில் போகிற இடம்தான் ஸ்விட்ச் வைக்க வேண்டிய இடம்.